லேம்ப்தான் போச்சா? ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியவை

புரொஜெக்டரில் வெளிச்சம் வரவில்லை என்றால் உடனே புது லேம்ப்புக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். லேம்ப்பைக் கழற்றி மாட்டுவது ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலை, பழகிவிட்டால் பத்து நிமிஷம்கூட ஆகாது. போனது லேம்ப்தானா, போனது என்றால் ஏன் போனது, இந்த இரண்டையும் கண்டுபிடிப்பதில்தான் நேரமும் போகிறது, பணமும் மிச்சமாகிறது. எங்கள் வீட்டு மெஷினை வைத்து நான் பார்த்ததை முழுசாக எழுதுகிறேன். ஏனென்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் புரொஜெக்டரைத் திறந்து பார்க்கிற ஆள் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் "போர்டு போயிடுச்சு சார், புதுசா ஒண்ணு வாங்கிக்கங்க" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில். நல்ல மெஷின்கள் இப்படித்தான் பரணுக்குப் போகின்றன.

எங்களுடையது டிஎல்பி வகை, அதாவது நுண்ணிய கண்ணாடிகள் பதித்த சிப்பை வைத்துப் படம் காட்டுவது, 240 வாட் லேம்ப், மாடி அறையில் சீலிங்கில் தலைகீழாகத் தொங்குகிறது. சினிமாவுக்காக வாங்கியதுதான், ஆனால் இப்போது அதில் அதிகம் ஓடுவது அப்பா சேர்த்து வைத்திருக்கிற தெருக்கூத்து வீடியோக்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பாரதக் கூத்து நடக்கிற ஊர்களுக்குப் போய் விடிய விடிய உட்கார்ந்து அவரே எடுத்தவை. மரக் கட்டை அணிகளைக் கட்டி, கிரீடம் வைத்து வருகிற வேஷக்காரர் சுவரில் ஆளுயரத்துக்கு நிற்கிறார், அதை டிவிக்குள் சின்னதாகப் பார்க்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. அதனால் இந்த மெஷினைச் சரி செய்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு வேறு யோசனையே இல்லை.

லேம்ப் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். முதலில் வெளிச்சம் குறையும், ஆனால் அது மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கண் அதற்குப் பழகிவிடுகிறது. எங்களுக்கு அது தெரிந்தது இருட்டுக் காட்சிகளில்தான், மேளக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டம் தெரியாமல் போனது. அப்புறம் வெள்ளை வேட்டி லேசாக மஞ்சளடித்தது. அதற்கடுத்து வெளிச்சம் துடிக்க ஆரம்பித்தது, முழுசாக அணையாது, ஆனால் யாரோ ரெகுலேட்டரைத் திருகி விளையாடுவதுபோல ஏறி இறங்கும். கடைசியில் பாதி வீடியோவில் அணைந்தது. மறுநாள் ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, லேம்ப் இண்டிகேட்டர் சிவப்பாக எரிகிறது, சுவரில் ஒன்றுமில்லை.

இந்த லேம்ப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் புரிந்துவிடும். இதில் குண்டு பல்பில் இருப்பதுபோல இழை கிடையாது. குவார்ட்ஸ் கண்ணாடியில் செய்த ஒரு சின்ன உருண்டை, அதற்குள் எதிரெதிராக இரண்டு டங்ஸ்டன் முனைகள், நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி, கூடவே கொஞ்சம் பாதரசம். அந்த இடைவெளியில் மின்பொறி தாண்டி வில்லாக நின்று எரிகிறது. எரியும்போது பாதரசம் ஆவியாகி உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல் 200 மடங்கும் அதற்கு மேலும் போகும், குவார்ட்ஸ் சுவர் 900, 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நிற்கும். யுஎச்பி என்ற பெயரில் இந்த வகையை பிலிப்ஸ் கொண்டுவந்தது 1995-ல். வீட்டில் வைக்கிற அளவுக்குப் புரொஜெக்டர் சின்னதானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, ஒளி அவ்வளவு சின்னப் புள்ளியிலிருந்து வந்தால்தான் கைக்குள் அடங்குகிற லென்சும் சிப்பும் வைத்துப் படம் காட்ட முடியும். நாளாக நாளாக டங்ஸ்டன் முனை தேய்ந்து உருமாறுகிறது, வில் ஒரு இடத்தில் நிற்காமல் தாவுகிறது, அதுதான் நாம் பார்க்கிற துடிப்பு. ஆவியான டங்ஸ்டனை மறுபடி முனைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க உள்ளே துளி புரோமின் போன்ற ஹாலஜன் வைத்திருப்பார்கள், ஆனால் சூடு சரியான அளவில் இல்லாவிட்டால் அந்தச் சுழற்சி ஒழுங்காக நடக்காது. டங்ஸ்டன் சுவரில் படிந்து கறுக்கும், கறுத்த இடம் ஒளியை வாங்கிக்கொண்டு இன்னும் சூடாகும், குவார்ட்ஸ் பால்போல வெளுத்து மெல்ல உப்பும். அதற்கு மேலும் ஓட்டினால் ஒருநாள் டப்பென்று வெடிக்கும்.

இன்னொன்று, அட்டையில் 3000 மணி, 4000 மணி என்று போட்டிருப்பது லேம்ப் உயிரோடிருக்கிற காலம் இல்லை. பொதுவாக வெளிச்சம் பாதியாகக் குறைகிற வரைக்குமான கணக்கு அது. அந்த எண்ணைத் தாண்டியும் எரியும், ஆனால் நீங்கள் பாதி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் மெனுவில் மூவாயிரத்துச் சொச்சம் மணி காட்டியது, ஆகவே சந்தேகம் முதலில் லேம்ப் மேல் போனது நியாயம்தான். ஆனால் சந்தேகம் வேறு, உறுதி வேறு.

சரி, உறுதி செய்வது எப்படி? காதை வைத்துத்தான். டிவி, ஃபேன், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அறை அமைதியானதும் புரொஜெக்டர் ஸ்விட்சைப் போட்டுப் பக்கத்தில் நின்று கேளுங்கள். முதலில் ஃபேன் சத்தம். அதோடு சேர்ந்து டிஎல்பி மெஷினில் கலர் வீல் வேகமெடுக்கிற மெல்லிய விசில் சத்தம் ஏறி ஏறிப் போய் ஒரு சுருதியில் நிற்கும், அது நிமிஷத்துக்கு 7200 சுற்று அளவில் சுற்றுகிற, பல நிறம் கொண்ட சின்னக் கண்ணாடித் தட்டு. அது கரகரவென்று உராய்ந்தாலோ, வேகம் பிடிக்காமல் திணறினாலோ, கோளாறு லேம்ப்பில் இல்லை, வீல் சரியாகச் சுற்றுகிறது என்ற சிக்னல் போர்டுக்குப் போகாததால் மெஷினே வெளிச்சத்தைத் தடுத்துவிடும். வீல் நன்றாக இருந்தால் அடுத்து, கேஸ் அடுப்பு லைட்டரை அமுக்கினால் வருகிற மாதிரி டிக் டிக் டிக் என்று வரும். பேலஸ்ட், அதாவது லேம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கிற போர்டு, ஆயிரக்கணக்கான வோல்ட்டை லேம்ப்புக்குள் அடித்துப் பற்ற வைக்கப் பார்க்கிற சத்தம் அது. டிக் டிக் வருகிறது, வெளிச்சம் வரவில்லை, சில தடவை முயன்றுவிட்டுச் சிவப்பு விளக்கு போட்டு நிற்கிறது என்றால் பெரும்பாலும் லேம்ப்தான். டிக் டிக் சத்தமே இல்லை என்றால் புது லேம்ப் வாங்குவதை நிறுத்தி வையுங்கள், பேலஸ்ட்டோ, அதற்கு உத்தரவு போகிற வழியோ, லேம்ப் மூடியோ காரணமாக இருக்கலாம்.

அந்த மூடி விஷயம் முக்கியம். லேம்ப் கதவை மூடினால் உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் அழுந்தும், அது அழுந்தாவிட்டால் மெஷின் லேம்ப்பை ஏற்றவே ஏற்றாது. யாராவது தூசி தட்டுகிறேன் என்று திறந்துவிட்டு ஓரம் சரியாக உட்காராமல் மூடினாலே போதும். இதைச் சரிபார்க்கக் காசே செலவில்லை, அதனால் இதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். அதேபோல லேம்ப் விளக்குக்குப் பதில் டெம்பரேச்சர் விளக்கு எரிந்தால் அது காற்றோட்டப் பிரச்சினை, ஃபேனையும், காற்று போகிற துவாரத்தின் மேலிருக்கிற ஜாலியையும் பாருங்கள்.

முதலில் நான் கொண்டுபோய்க் காட்டிய கடையில் லேம்ப்பின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, "ஓப்பன் காட்டுது சார், லேம்ப் அவுட்டு" என்றார்கள். அப்புறம் அதே வாயால் போர்டும் போயிருக்கும் என்றார்கள். இந்த மல்டிமீட்டர் சோதனையை நம்பாதீர்கள். ஏற்கெனவே சொன்னதுதான், இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளிதான் இருக்கிறது, கம்பி இல்லை. கடையிலிருந்து இப்போதுதான் பிரித்த புத்தம் புது லேம்ப்பும் ஓப்பன் என்றுதான் காட்டும். இந்த ஒரு விஷயம் தெரியாததால் நல்ல லேம்ப்பைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ. இன்னொரு பக்கம், கரண்ட் இருக்கும்போது பேலஸ்ட்டில் மீட்டர் வைக்கிற வேலையே வேண்டாம். பற்ற வைக்கிற அடியில் மீட்டர் போய்விடும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் பேலஸ்ட் கெப்பாசிட்டரில் 380 வோல்ட் வரைக்கும் தங்கியிருக்கலாம், அது ஆளைத் தூக்கி அடிக்கிற வோல்ட்.

சந்தேகமே இல்லாத சோதனை ஒன்றுதான், அதே மாடலில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு லேம்ப்பைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது. இது எங்கே கிடைக்கும் என்று யோசிக்க வேண்டாம், நம்ம ஊர்க் கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டு ஹாலில் முகூர்த்தத்தைத் திரையில் காட்டுகிறார்களே, அந்தத் தம்பிகளிடம் கேளுங்கள். வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லா மாடலும் தொட்டுப் பார்த்தவர்கள். எனக்குத் தெரிந்த தம்பி காவேரிப்பட்டணத்திலிருந்து வந்து போகிறவர், போனில் சத்தத்தைக் கேட்டதுமே, "அண்ணா, டிக் டிக்குன்னு கேக்குதுல்ல, பேலஸ்ட் நல்லாத்தான் இருக்கும். எங்கிட்ட இதே மாடல் ஒண்ணு இருக்குது, அந்த லேம்ப்ப மாட்டிப் பாத்துரலாம்" என்றார். மாட்டினோம், சில நொடியில் சுவர் வெளுத்தது. போர்டு போயிருக்கும் என்று கடையில் சொன்னது அந்த நொடியே பொய்யானது.

அப்புறம் பழைய லேம்ப்பை டார்ச் அடித்துப் பார்த்தோம். உருண்டையின் மேல்பக்கம் கறுத்து, ஒரு ஓரம் பால் வெளுப்பாக, லேசாகப் புடைத்திருந்தது. அது சூடு தாங்காமல் போன அடையாளம். வயசு ஒரு காரணம்தான், ஆனால் ஜாலியைத் திறந்து பார்த்ததும் மீதிக் காரணம் தெரிந்தது. எங்கள் வீடு பர்கூர் ரோட்டுப் பக்கம், கிரானைட் பட்டறைத் தூள் காற்றிலேயே இருக்கும், ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் ஒட்டும். அந்த மாவு ஃபேன் இறக்கையிலும் லேம்ப்புக்குக் காற்று போகிற வலையிலும் பூசினாற்போல் படிந்திருந்தது. பல டிஎல்பி மாடல்களில் ஃபில்டரே கிடையாது, அதைப் பெருமையாக விளம்பரம் செய்வார்கள். நம்ம மாவட்டத்துக்கு அது பெருமை இல்லை. எல்சிடி வகைகளில் ஃபில்டர் இருக்கும், எடுத்துத் தட்டிச் சுத்தம் செய்துவிடலாம், அது இல்லாதவர்கள் மாசத்துக்கு ஒரு தடவையாவது, மெஷின் ஆறியிருக்கும்போது, பிரஷ்ஷால் ஜாலியையும் துவாரங்களையும் துடைத்தே ஆக வேண்டும். ஊதுகிற மெஷின் வைத்து அடிக்கிறதாக இருந்தால் ஃபேன் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

இன்னொரு காரணம் கரண்ட் கட். சித்திரை, வைகாசியில் மாங்காய் விழுகிற காற்றுமழை வந்தால் எங்கள் பக்கம் மின்சாரம் போய்ப் போய் வரும். சாதாரணமாக அணைத்தால் ஃபேன் ஒன்றிரண்டு நிமிஷம் ஓடி லேம்ப்பை ஆற்றும். திடீரென்று கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும், அவ்வளவு சூடும் போக வழியில்லாமல் லேம்ப்பின் கழுத்துப் பக்கம் பரவும். அங்கே கண்ணாடிக்குள் மாலிப்டினம் தகடு வைத்து அடைத்திருப்பார்கள், காற்றுப்படும் இடத்தில் அது 350 டிகிரிக்கு மேல் போனால் ஆக்சிஜனோடு சேர்ந்து அரிக்க ஆரம்பிக்கும். போதாததற்குக் கரண்ட் வந்ததும் நாம் உடனே ஸ்விட்ச் போடுவோம். சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் குறையாமல் இருப்பதால் பொறி தாண்டாது, பேலஸ்ட் அடித்து அடித்துப் பார்க்கும், இரண்டுக்கும் கெடுதல். ஆறவிட்டுத்தான் போட வேண்டும்.

இதற்கு நான் செய்தது, புரொஜெக்டருக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ். படம் முழுக்க ஓட வேண்டியதில்லை, ஒழுங்காக அணைத்து ஃபேன் ஓடி முடிகிற வரைக்கும் தாங்கினால் போதும். 240 வாட் லேம்ப் என்றால் மொத்த மெஷின் 300 வாட் சுமாருக்கு இழுக்கும், அதைத் தாங்குகிறதா என்று வாட் கணக்கில் பார்த்து வாங்குங்கள், விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண் பெரிதாகத் தெரியும், அதை நம்பக் கூடாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் சைன் வேவ் வகையா என்று பாருங்கள், பின்னால் யுபிஎஸ் மோட் ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள், சாதாரண மோடில் மாறுவதற்கு எடுக்கிற நேரத்தில் லேம்ப் அணைந்துவிடும்.

இப்போது வாங்குகிற கதை. கடையில் மூன்று விதமாகச் சொல்வார்கள். புரொஜெக்டர் கம்பெனியின் ஒரிஜினல் மாட்யூல், அதாவது பிளாஸ்டிக் கூட்டோடு. அடுத்தது வேறு ஆள் செய்த கூடு, ஆனால் உள்ளே பிலிப்ஸ், ஓஸ்ராம், உஷியோ மாதிரி லேம்ப் செய்கிறவர்களின் அசல் லேம்ப். மூன்றாவது கூடும் காப்பி, லேம்ப்பும் காப்பி. எனக்குச் சொன்ன விலையில் முதலாவது மூன்றாவதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். நான் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கே போய் இரண்டாவது வகையை வாங்கினேன், கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தானே, ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்குவதைவிடக் கையில் எடுத்துப் பார்க்கலாம். லேம்ப் கழுத்திலும் ரிஃப்ளெக்டரிலும் (உருண்டையைச் சுற்றி ஒளியைக் குவிக்கிற கிண்ணம்) அச்சு தெளிவாக இருக்கிறதா, வாட் எண் பழையதோடு ஒத்துப்போகிறதா, பழைய லேம்ப்பை எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துக் கூட்டின் காதுகளும் கனெக்டரும் அச்சாகப் பொருந்துகிறதா என்று பார்த்தேன். காப்பி வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் வெறும் ஆயுள் இல்லை. வில் எரிகிற புள்ளி ரிஃப்ளெக்டரின் குவியத்தில் சரியாக உட்கார வேண்டும், அரை மில்லிமீட்டர் தள்ளினாலே வெளிச்சம் குறையும், ஒரு மூலை மங்கும். எளிதில் பற்றாத லேம்ப் பேலஸ்ட்டையும் சேர்த்துக் கெடுக்கும், மட்டமானது வெடித்தால் உள்ளே கலர் வீல் வரைக்கும் சிதறும். மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் மெஷினையே இழக்க வேண்டாம். கூட்டை வைத்துக்கொண்டு ரிஃப்ளெக்டரோடு லேம்ப்பை மட்டும் மாற்றுவது கை பழகியவர்களுக்குச் சரி, ஆனால் பழைய ரிஃப்ளெக்டரில் உருண்டையை மட்டும் ஒட்டித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டுவது சுலபம். பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சீலிங்கில் இருந்தால் இறக்கிவிடுவது நல்லது, மேலேயே செய்வதாக இருந்தால் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே லேம்ப் உடைந்திருந்தால் துண்டெல்லாம் முகத்தில்தான் விழும். கூட்டைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூக்கள் தளர்ந்ததும் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே வராது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள், இழுக்காதீர்கள். கைப்பிடியைத் தூக்கி நேராக இழுத்தால் வந்துவிடும். புதியதன் கண்ணாடியில் விரல் படக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெளுத்து அங்கிருந்தே பழுது தொடங்கும். பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கனெக்டர் முழுசாக உட்கார்ந்ததும் மூடியை இறுக்கமாக மூட வேண்டும், அந்தச் சின்ன ஸ்விட்ச் நினைவிருக்கட்டும்.

எரிந்ததும் மெனுவில் லேம்ப் மணியை ரீசெட் செய்யுங்கள். புது லேம்ப் போட்டால் மட்டும். எச்சரிக்கை தொந்தரவு செய்கிறது என்று பழைய லேம்ப்பிலேயே ரீசெட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், வெடிக்கப் போவதற்கான அறிவிப்பை அழித்துவிட்டு அதன் கீழே உட்காருகிற வேலை அது. செகண்ட் ஹேண்டில் புரொஜெக்டர் வாங்குகிறவர்களும் மணி எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, லேம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஐயாயிரத்துக்கு ஆண்ட்ராய்டு எல்இடி புரொஜெக்டர் வருகிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அதில் போட்டிருக்கிற லூமன் (வெளிச்ச அளவு) எண்களை நான் நம்பவில்லை, புது லேம்ப் போட்ட பழைய நல்ல மெஷின் அதைவிடப் பல படி மேலே இருக்கிறது என்று இரண்டையும் ஒரே சுவரில் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

கடைசியாகப் பழைய லேம்ப். ஓடும்போது வெடித்துவிட்டால் அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்து எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள், குழந்தைகளை முதலில் அனுப்புங்கள், அரை மணி நேரமாவது காற்றோடட்டும். விளக்குமாறு, வேக்குவம் கிளீனர் இரண்டும் வேண்டாம், பாதரசத்தை வீடு முழுக்கப் பரப்பும். அட்டையால் வழித்து, ஈரக் காகிதத்தால் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்து வையுங்கள். உடையாத பழைய லேம்ப்பையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், அங்கே அலுமினியத்துக்காகவும் கம்பிக்காகவும் சுத்தியலால் அடித்து உடைக்கிறவருக்குத்தான் அந்த ஆவி. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிற மின்கழிவு விதிகளில் பாதரச விளக்குகளும் வருகின்றன, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். என்னுடையதைப் புது லேம்ப் வந்த அதே அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே பாதரசம் என்று எழுதி, பீரோ மேல் வைத்திருக்கிறேன், அப்படி ஒருவரைப் பார்த்துக் கொடுத்துவிடுவேன். லேம்ப் விற்கிற கடைக்காரர்கள் புதியதைக் கொடுக்கும்போதே பழையதை வாங்கி வைத்துச் சேர்த்து அனுப்பினால் எவ்வளவோ நல்லது, நீங்கள் வாங்கப் போகும்போது கேளுங்கள், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.